சாம்பலான கட்டி

அத்தியாயம் 6

முப்பத்தெட்டாவது கொண்டையூசி வளைவில் பலாப்பழம் மறுபடியும் உருண்டு வந்து, மணிவண்ணனின் இருக்கையை முதுகுப் பக்கமாக முட்டியது.

"அக்கா, இந்தக் கேசுல நமக்குக் கெடைச்ச மொத்த ஃபீஸும் என்னைக் கொல்லப் பாக்குது."

"ரோட்டைப் பாரு" என்றாள் ராதிகா.

அடிவாரத்துக் காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான். ராதிகா அப்படித்தான். பதினோரு வருடம் ஒரு ஸ்கேன் சென்டரில் இரவுப் பணி. ஆட்களைக் குழாய்க்குள் தள்ளி, படம் எடுத்து, வெளியே இழுத்து விடுகிற வேலை. ஒருநாள் விடியற்காலை, படத்தைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்ட ஒரு டாக்டரின் முகத்தில் அந்தப் படத்தையே விட்டெறிந்துவிட்டு வெளியே வந்தாள். அதன்பிறகு நாமக்கல்லில் துப்பறியும் ஆபீஸ். வருகிற கேஸ்களில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரணை. மணிவண்ணனும் அப்படி விசாரிக்கப்பட்ட ஒரு மாப்பிள்ளைதான். "வேலை இல்லை, வாய் அதிகம்" என்று ராதிகா எழுதிக் கொடுத்த ஒற்றை வரியில் கல்யாணம் நின்றுபோனது. சண்டை போட வந்தவனுக்கு அவள் கார் சாவியைக் கொடுத்தாள். இரண்டு வருடமாகிறது. அந்த அறிக்கையில் பாதி பொய்யாகிவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது.

பலாப்பழம் இருசாயி கொண்டு வந்தது. மூன்று நாட்களுக்கு முன் அதை இடுப்பில் சுமந்தபடி இரண்டு பஸ் மாறி ஆபீசுக்கு வந்தாள். மலை மேல் பெரக்கரை நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கிற குடும்பம். பழத்தை மேஜை மேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு அடிவயித்துல கட்டிங்க. மூத்திரப்பைக்குக் கீழ. சேலத்து ஆஸ்பத்திரில ஸ்கேன் பண்ணி, சதை எடுத்துப் பாத்து, புத்துநோயின்னு சொல்லிப்போட்டாங்க. இன்னும் வெளிய பரவலையாமா. இப்ப எடுத்துப்போட்டா பொழைச்சுக்குவாருன்னு தேதியும் குடுத்துட்டாங்க. இவரு போவ மாட்டேங்கறாரு. மலை மேல ஒரு சாமியாரு கட்டியக் கரைச்சுடறாராமா. படம் புடிச்சே காட்டறாரு. இவருக்கும் கரைஞ்சுக்கிட்டே வருதுன்னு சொல்றாருங்க."

"நீங்க நம்பலையா?" என்று ராதிகா கேட்டாள்.

"கரையுதுன்னா எதுக்குங்க கண்ணு ராவெல்லாம் மொனகறாரு?"

கேஸை எடுத்துக்கொள்ள ராதிகாவுக்கு அந்தக் கேள்வி போதும்.

ஆபரேஷன் தேதி நாளைக் காலை. இன்று மாலை ஏழு மணிக்குள் இருசாயியின் கணவர் முத்தன் ஆஸ்பத்திரியில் படுத்தாக வேண்டும். தவறினால் அடுத்த தேதிக்கு மூன்று மாதம். மலையிலிருந்து சேலம் போகிற பஸ் மூன்றரைக்கு. இப்போது மணி பத்து.

"கார்லயே கூட்டிட்டுப் போயிடலாமேக்கா?"

"காருன்னா அந்த மனுஷனுக்கு வாந்தி. பஸ்ஸுன்னா தாங்குவாராம்."

"எனக்கும் வாந்திதான் வருது. பலாப்பழம் பழுத்து ரெண்டு நாளாச்சு."

*

சாமியார் அப்பாசாமியின் குடிலுக்குக் குடில் என்று பெயர் வைத்தவனை உதைக்க வேண்டும். கான்கிரீட் மண்டபம். மேலே கொஞ்சம் கோரையைப் பரப்பி ஏழை வேஷம் போட்டிருந்தார்கள். வாசலில் வேன்கள். உள்ளே நாற்பது பேர் பாய்களில். ஈரோட்டிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்தவர்கள், படித்தவர்கள், பேங்கில் வேலை பார்க்கிறவர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நூறு கேள்வி கேட்கிற கூட்டம், இங்கே பச்சை நிறத்தில் கொடுத்த மருந்துத் தண்ணீரை வாயைப் பொத்திக்கொண்டு குடித்தது.

மேடையின் நடுவில், டாக்டர் அறைகளில் இருக்குமே, அந்த வெளிச்சப் பலகை. அதற்குக் கற்பூரம் காட்டியிருந்தார்கள். பலகையில் இரண்டு படத் தகடுகள். ஒன்றின் கீழே 'மருந்துக்கு முன்'. மற்றதன் கீழே 'ஒரு மண்டலத்துக்குப் பின்'. நாற்பத்தெட்டு நாள் வித்தியாசம். மூலையில் ஆங்கிலத்தில் சின்னுசாமி என்று பெயர் இருந்தது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் கத்தரிக்கோல் போயிருந்தது.

முதல் படத்தில், இடுப்பின் குறுக்குவெட்டில், நட்டநடுவே ஒரு வெள்ளைக் கட்டி நெருப்புத் துண்டு மாதிரி ஜொலித்தது. இரண்டாவதில் அதே இடத்தில் கன்னங்கரேல் என்று கருப்பு.

"பாத்தீங்களா சாமிங்களா!" மைக்கில் ஒருவன் கத்தினான். "நெருப்பாட்டம் எரிஞ்ச கட்டி! சாமி மருந்துல சாம்பலாப் போச்சு! அந்தக் கட்டி எம்பட கட்டிதானுங்க! சின்னுசாமிங்கறது நாந்தானுங்க!"

இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தபடி மேடையை ஒரு சுற்று வந்தான். கூட்டம் கும்பிட்டது.

அப்பாசாமி உயரமான ஆசனத்தில், சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். சாயம் ஏற்றிய தாடி. திடீரென்று எழுந்தார். கட்டைச் செருப்பு தரையில் 'டக்… சர்ர், டக்… சர்ர்' என்று ஒலிக்க, பின்னால் இருந்த கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

"சாமி தியானத்துக்குப் போறாருங்க" என்றான் சின்னுசாமி மைக்கில்.

இரண்டு நிமிடத்தில் சாமி திரும்பி வந்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் தியானம். பிறகு மறுபடியும்.

"தியானம் முடிச்சுக் கை கழுவுற சாமியாரை இப்பத்தாங்க்கா பாக்கறேன்" என்றான் மணிவண்ணன்.

ராதிகா நேராக முத்தனின் பாய்க்குப் போய் உட்கார்ந்தாள். அவருக்கு அறுபத்தொரு வயது. மிளகுக்கொடி படர்ந்த வெள்ளோக்கு மரங்களில் ஏறி மிளகு பறித்து உரமேறிய உடம்பு. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டே பேசினார்.

"இருசாயி அனுப்புனாளாங்க? அவ பயந்தாங்கொள்ளி. எனக்கு ஆபரேசனு வேண்டாமுங்க. அறுத்துப்போட்டாங்கன்னா மூத்திரம் ஒழுகி, சாவற மட்டும் துணி கட்டிக்கிட்டுத் திரியோணும்னு சாமி சொன்னாரு. அங்க பாருங்க படத்த. கருப்பாயிருச்சு. எனக்கும் இன்னம் பதினெட்டு நாள்ல ஆயிரும்."

"உங்க ஸ்கேன் தகடு எங்கீங்க?"

"ஆத்துல விட்டாச்சுங்க. நோயோட நெழலு ஊட்டுல இருந்தா நோயி திரும்ப வந்துருமாமா. எல்லாருமே பின்னால ஓடைல விட்டுப்போடோணும். சாமி கட்டளை."

ராதிகாவின் உதடு லேசாகக் கோணியது. அவள் சிரிக்கிறாள் என்று தெரியாதவர்கள் நினைப்பார்கள். மணிவண்ணனுக்குத் தெரியும், அது காறித் துப்புவதற்கு முந்தின நிலை.

பலகைக்கு முன்னால் போய் நின்றாள். பத்து நிமிடம் பார்த்தாள்.

"மணி, என்ன தெரியுது?"

"வெள்ளைக் கட்டி கருப்பாயிடுச்சு."

"அது குருடனுக்கும் தெரியும். வேற?"

மணிவண்ணன் கிட்டே போனான். இரண்டு படத்திலும் இடது ஓரத்தில், தொடை எலும்பு இருக்க வேண்டிய இடத்தில், கறையான் அரித்த மாதிரி ஒரு கரிய ஓட்டை. அதைச் சுற்றிப் படமே வளைந்து நெளிந்திருந்தது.

"இது என்னக்கா?"

"இரும்பு. எலும்பு முறிஞ்சா உள்ள கம்பி வெப்பாங்கல்ல, அது. கம்பி இருக்கற எடத்துல இந்தப் படம் நாறிப்போயிடும்."

"இடது பக்கம்…" அவன் திரும்பிப் பார்த்தான். சின்னுசாமி இடது காலைச் சாய்த்துக்கொண்டு, ஒரு பாட்டிக்குப் பச்சை மருந்து ஊற்றிக்கொண்டிருந்தான். மணிவண்ணனின் முகம் தொங்கியது. "போச்சு. படம் நெஜமாவே அவனோடதுதான் போல. கால் பொருந்துது, பேர் பொருந்துது."

"அவனையே கேப்போம்."

சின்னுசாமி பக்தியோடு பல்லைக் காட்டினான். பேட்டி கொடுத்துப் பழகிய பல்.

"ஏனுங்க, ஸ்கேன் மிஷினுக்குள்ள ரெண்டு தடவை படுத்தீங்களே, பயமா இல்லீங்களா?" என்று ராதிகா அப்பாவியாகக் கேட்டாள்.

"என்னத்துக்குங்க பயம்? சாமி இருக்கையில!"

"உள்ள எப்படி இருந்துச்சு? சத்தம் கித்தம்?"

"சத்தமா? கோயலு கர்ப்பக்கிரகமாட்டம் அமைதிங்க. கண்ண மூடுனேன், தூக்கமே வந்துருச்சு. ரெண்டே நிமிசம். பளிச்சுன்னு ஒரு வெளிச்சம் அடிச்சுது, போட்டோ புடிச்சுட்டாங்க."

ராதிகா கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் பேசினாள்.

"அந்த மிஷினுக்குள்ள அரை மணி நேரம், தலைக்கு மேல தகரக் கொட்டாயை இடிக்கற மாதிரி சத்தம் வரும். பதினோரு வருஷத்துல அதை மறந்த ஆளை நான் பாத்ததே இல்லை. காது கேக்காத கெழவன்கூட அதிருதுன்னு சொல்லுவான். இவன் அந்த ரூம் வாசலைக்கூட மிதிக்கலை."

"அப்ப கால்?"

"பொறு."

"படத்துல இருக்கறது இவன் இல்லைன்னா யாரு?"

"மொதல்ல முத்தனைக் கெளப்பணும். அதுக்கு முத்தனோட தகடு வேணும்."

"அதைத்தான் ஆத்துல விட்டாச்சே!"

"இருசாயியைப் பாத்தல்ல? ஒரு பலாப்பழத்தை ரெண்டு பஸ்ஸுல சொமந்து வந்தவ. கெட்டியான ஒரு பிளாஸ்டிக் தகட்டை அவ ஆத்துல விட்டிருப்பாங்கற?"

*

இருசாயி முதலில் சத்தியம் செய்தாள். ஓடையில் விட்டதாகவும், மீன் வந்து முகர்ந்து பார்த்ததாகவும் சொன்னாள். ராதிகா அவளைப் பார்க்கவில்லை. வாசலில் இருந்த கோழிக்கூண்டைப் பார்த்தாள். கூண்டின் மேல் பக்கம், சாக்குக்கும் பனையோலைக்கும் நடுவில், நீலக்கருப்பாக ஒன்று வெயிலில் மின்னியது.

"மீனு திருப்பிக் கொண்டாந்து போட்டுருச்சா?" என்றான் மணிவண்ணன்.

இருசாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"வெறும் கவரைத்தானுங்க ஆத்துல விட்டேன். தகடு நல்ல தகடு. கிழியாது, ஒழுகாது. கோழிக்குஞ்சு நனைஞ்சு நனைஞ்சு சாவுது… அவர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி."

மலையில் உலாவிய அத்தனை சித்தர்களையும் வளைத்துப்போட்டதாகச் சொல்லிக்கொள்கிற அப்பாசாமிக்கு, ஒரு மழைக்காலக் கோழிக்கூண்டைப் பற்றித் தெரியவில்லை. மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாம் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.

மணிவண்ணன் முள்ளில் கை கிழித்துக்கொண்டு தகட்டை உருவினான். ராதிகா அதன் மேல் இருந்த எச்சத்தை ஈரத் துணியால் துடைத்து, வெயிலுக்கு எதிரே பிடித்தாள். ஒரே தகட்டில் வரிசை வரிசையாகப் படங்கள். மேல் வரிசையில் ஒரு கட்டி வெள்ளையாக. கீழ் வரிசையில் அதே கட்டி இருட்டாக.

மணிவண்ணன் இரண்டு முறை பார்த்தான். அவனுடைய வாய் அதிசயமாக மூடியிருந்தது.

"இவருக்கும் ரெண்டும் இருக்கேக்கா. ஒரே தகட்டுல."

"எல்லாருக்கும் ரெண்டும் இருக்கும். கேளு. ஒடம்புல தண்ணி இருக்கு. அது சும்மா இருக்காது, அலைஞ்சுக்கிட்டே இருக்கும். அது எவ்வளவு தாராளமா அலையுதுன்னு அளக்கறதுதான் இந்தப் படம். ஆடி பதினெட்டுக்கு இந்த மலைக்கு வர்ற பஸ்ஸுல ஏறியிருக்கியா?"

"ஏறுனேன். எறங்கும்போது வேற ஒருத்தனோட செருப்பு எங்கால்ல இருந்துச்சு."

"கையை அசைக்க முடியுமா?"

"மூக்கைச் சொறிய முடியலை."

"புத்துநோய்க் கட்டி அந்த பஸ். உள்ள அணுக்கள் நெருக்கிக்கிட்டு நிக்கும். தண்ணி நகர எடம் இருக்காது. தண்ணி எங்க மாட்டிக்கிட்டு நிக்குதோ, அந்த எடம் மொதப் படத்துல வெள்ளையாத் தெரியும். அதையே கணக்குப் போட்டு மிஷினு ரெண்டாவதா ஒரு படம் குடுக்கும். அதுல அதே எடம் கருப்பாத் தெரியும். ஒரே ஆளு, ஒரே நாளு, ஒரே படுக்கை."

"அப்ப முன்னும் கெடையாது, பின்னும் கெடையாது!"

"ஒரு தகட்டை ரெண்டா வெட்டி மாட்டியிருக்கான். எழவு, அது கரைஞ்சதுக்கு அடையாளமில்லை. ஒண்ணுல வெள்ளை, இன்னொண்ணுல கருப்புன்னு ரெண்டும் சேந்து வந்தாத்தான் டாக்டரே பதறுவாரு."

இருசாயிக்கு எல்லாம் புரியவில்லை. வேண்டியது மட்டும் புரிந்தது. "இவருது எத்தனை மோசமுங்க கண்ணு?"

ராதிகா தகட்டின் கீழ் வரிசையைக் காட்டினாள். "எவ்வளவு கருப்போ அவ்வளவு நெரிசல். அவ்வளவு முரட்டு ஜாதி. சதை எடுத்துப் பாக்காம படத்தை மட்டும் வெச்சு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. இவருக்கு அதையும் பாத்துட்டாங்க. இங்க பாருங்க, இது கருப்பு இல்லை. அடுப்புச் சாம்பல் நிறம். நடுத்தரம். டாக்டர் சொன்னது சரிதான், இப்ப எடுத்தா பொழைப்பாரு."

"அந்தப் பலகைல இருக்கறது?" என்றான் மணிவண்ணன்.

"அது கரி."

*

மணி இரண்டே முக்கால். மண்டபத்தில் பஜனை நடந்துகொண்டிருந்தது. ராதிகா நேராக முத்தனிடம் போனாள். பின்னால் இருசாயி.

"மிஷினுக்குள்ள எத்தனை தடவை படுத்தீங்க?"

"ஒரே தடவைங்க. போதுமடா சாமி. காது கிழிஞ்சுபோச்சு."

"இது யாரு தகடு? பேரைப் படிங்க."

முத்தன் கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினார். பெயர் அவருடையது. பிறகு மனைவியைப் பார்த்தார். மனைவி தூணைப் பார்த்தாள்.

"மேல கட்டி என்ன நெறம்?"

"வெள்ளை."

"கீழ?"

முத்தன் படத்தைப் பார்த்தார். மேடையில் இருந்த பலகையைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். மரத்தில் ஏறுவதற்கு முன் கிளையைத் தட்டிப் பார்க்கிறவனின் நிதானம் அது.

"நா இங்க வர்றதுக்கு முந்தியே கருப்பா இருந்துருக்குது" என்றார் கடைசியில். "ஒரு சொட்டு மருந்து குடிக்காம."

"இன்னொண்ணும் பாருங்க. பலகைல, கட்டிக்கு மேல மூத்திரப்பை. மொதப் படத்துல கருப்பு, ரெண்டாவதுல வெள்ளை. சாமி மருந்து கட்டியைச் சாம்பலாக்குச்சுன்னா, மூத்திரத்தைப் பாலாக்கியிருக்கணும்."

"மூத்திரப்பை அளவைப் பாருங்கய்யா" என்று மணிவண்ணன் சேர்ந்துகொண்டான். "நாப்பத்தெட்டு நாள் கழிச்சும் சொட்டுக் கூடலை, சொட்டுக் குறையலை. பின்னால கொடல்ல ஒரு வாயு உருண்டை நிக்குது பாருங்க. அதுவும் நாப்பத்தெட்டு நாளா அதே எடத்துல நிக்குது. அப்படி அடக்கிட்டு இருந்தவன் கட்டில சாகமாட்டான், வெடிச்சுத்தான் சாவான்."

பக்கத்துப் பாயில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஜனை ஒரு வரியில் தடுமாறியது. முத்தன் சுவரைப் பிடித்து எழுந்தார்.

"ஆபரேசனு பண்ணா நெசமாவே துணி கட்டோணுமாங்க?"

"கொஞ்ச நாளைக்குக் கட்ட வேண்டி வரலாம். பல பேருக்குச் சரியாயிடும். சில பேருக்கு ஆவறதில்லை. பொய் சொல்ல மாட்டேன்."

"கட்டிக்கறேன் போங்க" என்றார் முத்தன். "இருசாயி, பையை எடு."

டக்… சர்ர். டக்… சர்ர். அப்பாசாமி ஆசனத்தை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். கூட்டத்துக்காகக் குரலை ஏற்றினார். "அம்மணி! இங்க குழப்பம் பண்ண வேண்டாம். சின்னுசாமியோட படம் அது. அவன் சாட்சி உசுரோட நிக்கறான்!"

"அவன் மிஷினையே பாத்ததில்லைன்னு இப்பவே இத்தனை பேர் முன்னால நிரூபிக்கட்டுமா? இல்லை, உள்ள போயிப் பேசலாமா? உங்களுக்கும் தியானத்துக்கு நேரமாச்சு."

மூன்று பேரும் உள்ளே போனதும் பின்கதவு சாத்தப்பட்டது. தியான அறையில் ஒரு குழாய், ஒரு வாளி, ஒரு கக்கூஸ். தியானம் முடிந்து அப்பாசாமி கை கழுவும்வரை ராதிகா முதுகைக் காட்டி நின்றாள்.

"இப்பச் சொல்லுங்க. படம் யாரோடது?"

"சின்னுசாமியோட…"

"அவனுக்கு எடது கால் ஊனம்" என்றாள் ராதிகா. "படத்துல கம்பியும் எடது பக்கம். அதான் எங்க மணி ஏமாந்தான். ஸ்கேன் படத்தைப் பாக்கறது, எதிர்ல நிக்கற ஆளைப் பாக்கற மாதிரி. நமக்கு எடது, அவனுக்கு வலது. கம்பி இருக்கறது வலது தொடைல."

மணிவண்ணன் குனிந்து, வாசலில் கிடந்த கட்டைச் செருப்புகளைப் பார்த்தான். இடது செருப்பு முழுசாக இருந்தது. வலது செருப்பின் நுனி, தரையில் இழுபட்டு இழுபட்டு, பாதிக் கட்டையாகத் தேய்ந்திருந்தது. டக்… சர்ர். சர்ர் வலது.

அவனுக்கு அந்தக் கால் மணிக்கு ஒருதரம் நடந்த தியானங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

அப்பாசாமி வாளியின் விளிம்பில் உட்கார்ந்தார். ரகசியம் அம்பலமான எரிச்சல் மட்டும்தான் முகத்தில் இருந்தது. இன்னும் வேறெதுவும் வரவில்லை.

"செரி, எம்பட படந்தான். அதுக்கென்ன இப்ப? மாட்டறதுக்கு ஒரு படம் வேணும். நோயாளிக எவனும் தர மாட்டேங்கறான், பேரு வெளிய வந்துருமுன்னு. போன மாசியில வெளியூருல ஒரு சென்டருல, சின்னுசாமின்னு பேரு குடுத்து நானே போயிப் படுத்தேன். மூத்திரம் அடிக்கடி போவுதுன்னு சொன்னேன், எடுத்தாங்க. தகட்டுல பாத்தா ஒண்ணு வெள்ளையா இருந்துச்சு, ஒண்ணு கருப்பா இருந்துச்சு. வெட்டி ஒட்டுனேன். நல்லா எடுப்பா இருந்துச்சு."

"எடுப்பாத்தான் இருக்கு" என்றாள் ராதிகா. "தகட்டோட ஒரு உறை குடுத்திருப்பாங்களே?"

"அது இங்கிலீசு. அது எனக்கெதுக்கு?"

உறை, பலகையின் பின்னால் ஆணியில் தொங்கியது. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. மாசியிலிருந்து ஆவணி வரை, நாற்பது நாற்பது பேராக வந்து கும்பிட்ட பலகைக்குப் பின்னால், யாரும் பிரிக்காமல். மணிவண்ணன் கொண்டுவந்து கொடுத்தான். ராதிகா பிரித்துப் படித்தாள். அவளுடைய முகத்தில் வெறுப்பு குறையவில்லை. இரக்கம் வந்ததாகவும் தெரியவில்லை. இரவுப் பணியில் எத்தனையோ பேரிடம் சொல்ல விடாமல் தடுக்கப்பட்டதை, இப்போது ஒருவனிடம் சொல்லப்போகிறாள், அவ்வளவுதான்.

"மூத்திரம் எத்தனை நாளா அடிக்கடி போகுது?"

"ரெண்டு வருசமா… வயசாச்சு…"

"முதுகு வலி?"

அப்பாசாமியின் கை தானாகவே பின்பக்கம் போய், பாதியில் நின்றது.

"மிஷினை ஏமாத்தத்தான் நீங்க போனீங்க. அது ஏமாறலை. இந்தப் படத்துக்கு அஞ்சுக்குள்ள மார்க் போடுவாங்க, கூடக் கூட மோசம். உங்களுக்கு அஞ்சுக்கு அஞ்சு. உடனே சதைப் பரிசோதனை செய்யவும்னு அடிக்கோடு போட்டிருக்காங்க. ஆறு மாசமாச்சு. நீங்க அதுக்குக் கற்பூரம் காட்டிட்டு இருந்தீங்க."

அவர் உறையை வாங்கினார். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். வெளியே பஜனை மறுபடியும் சுதி பிடித்திருந்தது. சின்னுசாமி மைக்கில், சாம்பலாப் போச்சு, சாம்பலாப் போச்சு என்று கத்திக்கொண்டிருந்தான்.

"கருப்புன்னா…" அப்பாசாமியின் குரலில் மேடை இல்லை. "கருப்புன்னா செத்துப்போச்சுன்னுதான…"

"அது சாகலை."

"இதுக்கு மருந்து இருக்குதுங்களா அம்மணி?"

"வெளிய ட்ரம்மு நெறைய இருக்கே. பச்சையா. நாப்பது பேருக்குக் குடுக்கறீங்க. நீங்களும் ரெண்டு டம்ளர் குடிச்சுப் பாருங்க."

சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். போகிற வழியில் வெளிச்சப் பலகையின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டாள்.

*

மூன்றரை பஸ் மூன்றே முக்காலுக்கு வந்தது. சந்தை நாள், உள்ளே நிற்கத்தான் இடம். மணிவண்ணன் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இரண்டு பேர் உட்காரும் சீட் ஒன்றைப் பிடித்துவைத்திருந்தான். ஜன்னலோரம் முத்தன் உட்கார்ந்தார். மடியில் பை, பையின் மேல் கோழி வாசம் அடிக்கும் தகடு. சில்லறைக்காக இருசாயி டீக்கடையில் நின்றாள்.

"ஆஸ்பத்திரில தகட்டைப் பத்திரமாத் திருப்பிக் குடுத்துருவாங்கல்லங்க கண்ணு?" என்று அங்கிருந்தே ராதிகாவைக் கேட்டாள். "ஐப்பசி மழை வந்துருமுங்க."

"அக்கா" என்றான் மணிவண்ணன் மெல்ல. "அங்க பாருங்க."

மேட்டிலிருந்து அப்பாசாமி இறங்கி வந்துகொண்டிருந்தார். கட்டைச் செருப்பு இல்லை. காவித் துண்டு இல்லை. வெறுங்காலோடு, வலது காலை இழுத்து இழுத்து, ஓட முடியாத ஒரு ஓட்டம். கையில் அந்த உறை. பின்னால் சின்னுசாமி 'சாமி, சாமி' என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தான். அவர் திரும்பவில்லை. பின்படியில் தொற்றி ஏறி, ஆட்களைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். முத்தனுக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது.

அவர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முத்தன் நிமிர்ந்து பார்த்தார். உறையைப் பார்த்தார். பெயர் எழுதின அந்த மாதிரி உறை ஒன்றைத்தான் இருசாயி ஓடையில் விட்டிருந்தாள். முத்தனுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மடியில் இருந்த தகட்டை எடுத்துக் காலி இடத்தில் வைத்தார்.

"ஆளு வருதுங்க" என்றார்.

இருசாயி ஏறி வந்து, தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தான்.

"எழுபது வளைவு" என்றான் மணிவண்ணன். "காரவள்ளி வரைக்கும் பஸ் எங்கயும் நிக்காது. இவருக்குக் கால் மணிக்கு ஒருதரம் தியானம்."

அவன் சிரிக்கலாமா என்று ராதிகாவைப் பார்த்தான். அவள் கார்க் கதவைத் திறந்து, பின்சீட்டிலிருந்து பலாப்பழத்தை இரண்டு கையாலும் தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"டீக்கடைல குடுத்துட்டு வா. நாத்தம் தாங்கலை."

பஸ் முதல் வளைவில் திரும்பியது. பின்கண்ணாடியில், மேல்கம்பியைப் பிடித்திருந்த ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையில் உறை. நெரிசலில் அது இந்தப் பக்கமும் நகரவில்லை, அந்தப் பக்கமும் நகரவில்லை.